எலும்புத் தூளிலிருந்து குடிப்பெயர்வு வரை: இந்தோ-ஐரோப்பியர் தோற்றத்தைத் தொல் டிஎன்ஏ கொண்டு ஆராய முழுமையான வழிகாட்டி

இந்தோ-ஐரோப்பிய மொழிகள் எங்கிருந்து பரவின என்ற பழைய வழக்கில் எலும்புக்கூடுகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியவை 2015இல் நேச்சர் இதழில் வந்த இரண்டு ஆய்வுகள். ஹார்வர்டில் டேவிட் ரைக் குழு 69 பேரையும், கோபன்ஹேகனில் எஸ்கெ வில்லர்ஸ்லெவ் குழு 101 பேரையும் ஆராய்ந்தன. கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் வடக்கே உள்ள ஸ்டெப்பி புல்வெளியில் கி.மு. 3300 வாக்கில் யம்னயா எனும் மேய்ப்பர் பண்பாடு தோன்றியது. சில நூற்றாண்டுகளுக்குள் ஜெர்மனியில், கார்டட் வேர் எனப்படும் கயிற்றுத்தட மட்கலப் பண்பாட்டு மக்களின் மரபில் ஏறத்தாழ 75 விழுக்காடு அந்த மேய்ப்பர்களுடையதாக இருந்தது. இதுதான் முதல் ஆய்வின் தலையாய முடிவு.

இப்படியொரு எண் எப்படிக் கிடைக்கிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். ஆய்வகப் பகுதி மாணவர்களுக்கும், மாதிரி கொடுக்கும் தொல்லியலாளர்களுக்கும் உதவும். கணினிப் பகுதியை இலவசத் தரவு வைத்து யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கடைசிவரை ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொள்வோம்: ஸ்டெப்பி மரபு தெற்காசியாவுக்கு வந்ததா, வந்தது எந்த ஸ்டெப்பியிலிருந்து, எப்போது?

படி 1: மறுக்கத்தக்க வடிவில் கேள்வி எழுதுங்கள்

மொழி, பானை, மரபு மூன்றும் தனித்தனிச் சரக்கு. டிஎன்ஏ பேசுவது மூன்றாவதைப் பற்றி மட்டுமே. ஆகவே "ஆரியர் வந்தார்களா" என்று கேட்டுத் தொடங்கினால் எந்த முடிவு வந்தாலும் இரு தரப்பும் வென்றதாகச் சொல்லிக்கொள்ளும். கருதுகோளைத் துண்டுகளாக உடையுங்கள். ஸ்டெப்பி வழி சரியென்றால், கி.மு. 2000க்கு முந்தைய சிந்துவெளி உடல்களில் ஸ்டெப்பி மரபு இருக்கக்கூடாது, பிந்தையவற்றில் இருக்க வேண்டும். அது வந்த காலத்தில் புல்வெளியில் வாழ்ந்தவர்களின் கலவையோடு ஒத்துப்போக வேண்டும். இடைவழியான நடு ஆசியாவிலும் தடம் தெரிய வேண்டும். மாறாக, விவசாயம் கொண்டுவந்தவர்களே மொழியையும் கொண்டுவந்தார்கள் என்றால், அனத்தோலிய (இன்றைய துருக்கி) உழவர் மரபு சிந்துவெளியில் தென்பட வேண்டும். இப்படி எழுதியபின்தான் எந்த நூற்றாண்டின் எலும்பு தேவை என்பதே தெரியவரும்.

படி 2: எலும்பைத் தேர்ந்தெடுத்தல்

முதல் தேர்வு காதுக்குப் பின்னால், பொட்டெலும்பின் உட்புறம் இருக்கும் பெட்ரஸ் பகுதி. உடலிலேயே மிக அடர்ந்த எலும்பு இது. அதிலும் உட்செவியின் நத்தைச்சுருளைச் சூழ்ந்த உறைதான் இலக்கு. ரான் பின்ஹாசி குழு 2014இல் ஒப்பிட்டபோது, வேறு எலும்புகளைவிடப் பெட்ரஸில் 183 மடங்குவரை அதிக மனித டிஎன்ஏ கிடைத்தது. பெட்ரஸ் இல்லாவிட்டால் பல்வேரின் வெளிப்பூச்சு, அதுவும் இல்லையென்றால் காதின் சிற்றெலும்புகள். தொடை எலும்பு கடைசித் தேர்வு.

மண்டையோடு முழுதாக இருந்தால் உடைக்காதீர்கள். அடிப்புறத்திலிருந்து துளையிட்டு நத்தைச்சுருளை எட்டும் முறை இருக்கிறது. தொடுவதற்கு முன் படமெடுத்து, முடிந்தால் சிடி ஸ்கேனும் எடுத்துவையுங்கள். இரண்டு பக்கப் பெட்ரஸும் இருந்தால் ஒன்றை மட்டும் எடுத்து, மற்றதை நாளைய தொழில்நுட்பத்துக்கு விட்டுவிடுவது நாகரிகம்.

கெடுவது பெரும்பாலும் இங்கேதான். அகழ்விடத்தில் எலும்பைத் தண்ணீரில் கழுவுவதும், பசை பூசி உறுதிப்படுத்துவதும், வெயிலில் காயவைப்பதும் டிஎன்ஏவுக்கு எமன். கையுறை, முகக்கவசம் போட்டு எடுத்து, மண்ணோடு காகித உறையில் வைத்து, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் சேருங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டினால் பூஞ்சைதான் மிஞ்சும்.

வெப்பம் இன்னொரு எதிரி. சைபீரியக் குளிரில் 5000 ஆண்டு எலும்பு எளிதில் பேசும். நம் பக்கம் அப்படியில்லை. ஹரியானாவில் உள்ள சிந்துவெளி நகரமான ராக்கிகரியில் 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்ததில் ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான் பயன்படும் அளவு டிஎன்ஏ கிடைத்தது. அதற்கும் நூற்றுக்கும் மேற்பட்ட லைப்ரரிகள் (வரிசையாக்கத்துக்குத் தயார்செய்த டிஎன்ஏ தொகுப்புகள்) தயாரித்து ஒன்றுசேர்க்க வேண்டியிருந்தது. கீழடியை அடுத்த கொந்தகையின் தாழிப் புதையல் எலும்புகளில் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சந்திப்பதும் இதே வெப்ப மண்டலச் சிக்கலைத்தான். ஆகவே திட்டம் போடும்போது "பத்து எலும்பு, பத்து முடிவு" என்று எழுதாதீர்கள்.

எரியூட்டிய எலும்பில் டிஎன்ஏ நிற்காது என்பதையும் முன்கூட்டியே கணக்கில் எடுங்கள். பண்டைய அனத்தோலியாவின் ஹிட்டைட்டு அரசர்களை எரித்தார்கள். ஸ்டெப்பியின் அன்றோனோவோ பண்பாட்டில் ஒரு பிரிவு எரித்தது. தெற்காசியாவில் சொல்லவே வேண்டாம். நமக்கு மிகத் தேவையான ஆட்களில் பலர் சாம்பலாகிவிட்டார்கள். கிடைப்பவர்கள் புதைக்கப்பட்டவர்கள் மட்டுமே. இந்தச் சாய்வு முடிவு எழுதும் வரை கூடவே வரும்.

படி 3: சுத்த அறையும் பிரித்தெடுப்பும்

டிஎன்ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் நடக்கும் கட்டடத்திலிருந்து தனியே ஓர் அறை வேண்டும். வடிகட்டிய காற்று உள்ளிருந்து வெளியே தள்ளும் நேரழுத்தம், இரவில் புறஊதா விளக்கு, மேசையைத் துடைக்க ப்ளீச், முழு உடல் உறை, இரட்டைக் கையுறை. இவற்றைவிட முக்கியம் ஒருவழிப் போக்கு: பிசிஆர் ஆய்வகத்துக்குள் போனவர் அன்று மீண்டும் சுத்த அறைக்குள் வரக்கூடாது. பெருக்கப்பட்ட ஒரு துளி டிஎன்ஏவில் கோடிக்கணக்கான பிரதிகள் இருக்கும். அது மேலங்கியில் ஒட்டி வந்தால் மாதம் முழுக்கச் செய்த வேலை போச்சு.

எலும்பின் மேற்பரப்பை மணல்வீச்சாலோ துரப்பணத்தாலோ சுரண்டி நீக்குங்கள். பிறகு உள்ளிருந்து ஏறத்தாழ 50 மில்லிகிராம் தூள் எடுங்கள். துரப்பணம் மெதுவாகச் சுழல வேண்டும். அவசரப்பட்டு வேகம் கூட்டினால் சூட்டில் டிஎன்ஏ மேலும் நொறுங்கும்; கருகிய வாசம் வந்தால் வேகம் அதிகம் என்று பொருள்.

பரவலாகப் புழங்கும் கரைசல் இது: 0.45 மோலார் ஈடிடிஏ, பிஎச் 8, மில்லிலிட்டருக்கு 0.25 மில்லிகிராம் புரோட்டினேஸ் கே, 0.05 விழுக்காடு ட்வீன்-20. 50 மில்லிகிராம் தூளுக்கு 1 மில்லிலிட்டர் ஊற்றி, 37 டிகிரியில் இரவு முழுக்கச் சுழலவிடுங்கள். ஈடிடிஏ எலும்பின் கால்சியத்தைக் கரைக்கும், நொதி புரதத்தை அறுக்கும். காலையில் தெளிந்த நீரை மட்டும் எடுத்து 13 மடங்கு பிணைப்புக் கரைசலில் சேருங்கள். அதில் 5 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடும் 40 விழுக்காடு ஐசோபுரொப்பனாலும் இருக்கும். பிறகு சிலிக்கா வடிப்பானில் ஓட்டி, கழுவி, 50 மைக்ரோலிட்டர் அளவில் இறக்குங்கள். 35, 40 எழுத்து நீளமே உள்ள துண்டுகளைக்கூட இந்த அதிக அளவு பிணைப்புக் கரைசல்தான் பிடித்துத் தருகிறது. நவீன ரத்தத்துக்கான கிட்டை அப்படியே பயன்படுத்துபவர்கள் இந்தச் சிறு துண்டுகளை வடிகாலில் விட்டுவிட்டு "டிஎன்ஏ இல்லை" என்று முடிவு எழுதுகிறார்கள்.

பாக்டீரியா அதிகமுள்ள எலும்பென்றால் தூளை 0.5 விழுக்காடு ப்ளீச்சில் சுமார் 15 நிமிடம் அலசும் முறை உண்டு. மனித டிஎன்ஏவின் விகிதம் ஏறும், ஆனால் மொத்த அளவு இறங்கும். தூள் போதுமான அளவு இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

ஒவ்வொரு தொகுதியோடும் எலும்பே சேர்க்காத வெற்றுக் குழாய் ஒன்றையாவது கடைசிவரை ஓட்டுங்கள். அதில் மனித டிஎன்ஏ கணிசமாக வந்தால் அந்தத் தொகுதியைத் தனியே ஒதுக்கி வையுங்கள், எவ்வளவு அழகான முடிவு தந்தாலும் சரி.

படி 4: லைப்ரரி, பிடிப்பு, வரிசையாக்கம்

துண்டுகளின் இரு முனையிலும் அடாப்டர் ஒட்டி, ஒவ்வொரு மாதிரிக்கும் தனி இரட்டை அடையாளக் குறி தருவதே லைப்ரரி. தொல் டிஎன்ஏவில் முனைகளில் உள்ள சைட்டோசின் காலப்போக்கில் யூராசிலாக மாறியிருக்கும். இயந்திரம் அதைத் தைமின் என்று படிக்கும். யூராசிலை அகற்றும் யுடிஜி நொதியை முழுமையாகச் செலுத்தினால் இந்தப் பிழை போய்விடும், கூடவே பழமைக்கான சான்றும் போய்விடும். ஆகவே அரை யுடிஜி முறையைப் பின்பற்றுங்கள். கடைசி ஓரிரு எழுத்தில் சேதம் மிஞ்சும், உள்பகுதி சுத்தமாகும். மிக மோசமான மாதிரிக்கு ஒற்றை இழை லைப்ரரி. செலவு கூடினாலும் பலன் கூடும்.

முதலில் சில மில்லியன் ரீடுகளுக்கு (இயந்திரம் படித்துத் தரும் துண்டுகளுக்கு) சோதனை ஓட்டம் செய்து, மனித டிஎன்ஏ எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். 20, 30 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் முழு மரபணுத்தொகையையும் நேரடியாக வரிசைப்படுத்தலாம். 1 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தால் ஆளுக்கு ஆள் ஓரெழுத்து வேறுபடும் இடங்களான எஸ்என்பிகளில் ஏறத்தாழ 12.4 லட்சத்தை மட்டும் தூண்டில் போட்டு இழுக்கும் பிடிப்பு முறைதான் கட்டுப்படியாகும். துறையில் இதற்கு 1240கே என்று பெயர். ஒரு எச்சரிக்கை: பிடிப்பு முறைத் தரவும் நேரடி வரிசைத் தரவும் ஒன்றுக்கொன்று லேசாக விலகும். ஒரே சோதனையில் கலந்தால், அந்த விலகலை மக்கள் கலப்பென்று மயங்க நேரும்.

படி 5: இது பழையதா, இது ஒரே ஆளா

அடாப்டர் நீக்கி, 30 எழுத்துக்குக் குறைந்த துண்டுகளைத் தள்ளுங்கள். ரீடுகளை மனித மரபணுத்தொகையோடு பொருத்தும் பிடபிள்யூஏ நிரலின் ஆல்ன் முறையில் விதைத் தேடலை அணைத்து (விதை நீளம் 1024 என்று கொடுத்தால் அணைந்துவிடும்), இடைவெளி 2, பிழை அளவு 0.01 என்று வைத்துப் பொருத்துங்கள். இயல்பு அமைப்பில் ஓட்டினால் முனை சேதமடைந்த உண்மையான தொல் துண்டுகளே அதிகம் கழியும். பிறகு நகல்களை நீக்கி, தரம் 30க்கு மேற்பட்டவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மூன்று கேள்விகள்.

முனைச் சேதம் எவ்வளவு? மேப்டேமேஜ் வரைபடத்தில் முதல் எழுத்தில் சி-யிலிருந்து டி-க்கு மாறிய விகிதம் உயர்ந்து, உள்ளே போகப் போகச் சரிய வேண்டும். அரை யுடிஜி லைப்ரரிக்கு 3 விழுக்காடு, யுடிஜி இல்லாததற்கு 10 விழுக்காடு என்பது பரவலாக வைக்கும் கீழ்வரம்பு. கோடு தட்டையாக இருந்தால் நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அகழ்வாளரின் டிஎன்ஏ.

கலப்படம் உண்டா? மைட்டோகாண்ட்ரியாவில் இரண்டு வகை தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஆணென்றால் எக்ஸ் குரோமோசோம் ஒன்றுதான். ஒரே இடத்தில் இரண்டு எழுத்து வந்தால் யாரோ உள்ளே இருக்கிறார். 5 விழுக்காட்டைத் தாண்டியதை விலக்குங்கள், அல்லது சேதமடைந்த ரீடுகளை மட்டும் பிரித்து மீண்டும் ஓட்டுங்கள்.

பாலினம் என்ன? ஒய் ரீடுகளை எக்ஸ்-ஒய் கூட்டுத்தொகையால் வகுங்கள். 0.016க்குக் கீழ் பெண், 0.075க்கு மேல் ஆண். நடுவில் விழுந்தால் பெரும்பாலும் கலப்படம்தான்.

மரபணு வகையை முழுதாகப் படிக்கும் அளவுக்கு ரீடுகள் இருக்காது. ஆகவே ஒவ்வொரு எஸ்என்பியிலும் குருட்டாம்போக்கில் ஒரு ரீடை எடுத்து அதையே அந்த ஆளின் எழுத்தாக வைப்பது வழக்கம். அதற்கு முன் அரை யுடிஜி தரவில் இரு முனையிலும் 2 எழுத்தை வெட்டிவிடுங்கள்.

படி 6: காலம்

ரேடியோகார்பன் தேதி இல்லாத எலும்பைக் கட்டுரையின் தூணாக வைக்காதீர்கள். தேதி இருந்தாலும் அப்படியே நம்பாதீர்கள். வோல்கா, டான், நீப்பர் ஆறுகளின் கரையில் வாழ்ந்தவர்கள் நிறைய மீன் தின்றார்கள். ஆற்றுநீரில் பழைய கார்பன் கரைந்திருப்பதால் அவர்களுடைய எலும்பு சில நூற்றாண்டுகள்வரை கூடுதல் வயது காட்டும். நைட்ரஜன் ஐசோடோப்பு உயர்வாக இருந்தால் மீன் உணவு என்று சந்தேகித்து, அதே குழியில் கிடைத்த ஆட்டெலும்பையோ மாட்டெலும்பையோ தேதியிட்டு ஒப்பிடுங்கள். யார் யாருக்கு மூதாதை என்ற வாதமே 200, 300 ஆண்டுகளில் தலைகீழாகிவிடும் களம் இது.

படி 7: தரவை இறக்கி முதல் படம் வரைதல்

ஆய்வகம் இல்லாதவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். ஹார்வர்ட் குழு பராமரிக்கும் ஆலன் தொல் டிஎன்ஏ தொகுப்பை இலவசமாக இறக்கலாம். ஜெனோ, எஸ்என்பி, இண்ட் என்று மூன்று கோப்புகள், கூடவே ஆட்களின் விவரப் பட்டியல். 12.3 லட்சம் எஸ்என்பி கொண்டது ஒன்று, நவீன மக்களையும் சேர்த்து ஏறத்தாழ 6 லட்சம் எஸ்என்பி கொண்டது இன்னொன்று; படம் வரைய இரண்டாவதே போதும். 16 ஜிபி நினைவகமும் லினக்ஸும் உள்ள மடிக்கணினி தாங்கும். விவரப் பட்டியலில் "சந்தேகத்துக்குரியது" என்று குறித்தவற்றையும், நெருங்கிய உறவினர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்களையும் முதலிலேயே நீக்குங்கள். குர்கன் எனும் ஒரே புதைமேட்டில் அப்பா, மகன், அண்ணன் என்று கிடப்பது சாதாரணம். மூவரையும் எண்ணினால் ஒரு குடும்பத்தை ஒரு மக்களினமாக எடுத்துக்கொள்வீர்கள்.

மரபு ஒற்றுமையைப் புள்ளிப் படமாக வரையும் ஸ்மார்ட்பிசிஏ நிரலில் நவீன மக்களை வைத்து அச்சுகளை அமைத்து, தொல் மாதிரிகளை அதன்மேல் வீழ்த்துங்கள். எல்எஸ்கியூபுராஜெக்ட் தெரிவை இயக்க மறந்தால் தரவு குறைந்த ஆட்கள் எல்லாரும் படத்தின் நடுவை நோக்கி இழுபடுவார்கள், பார்ப்பவர் அதைக் கலப்பென்று வாசிப்பார். 15,000, 20,000 எஸ்என்பிக்குக் கீழே உள்ளவர்களின் இடத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

இந்தப் படம் கேள்வி எழுப்பத்தான், பதில் சொல்ல இல்லை. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மூன்றாவது விழுந்தால் அது அவற்றின் கலவையாகவும் இருக்கலாம், அவற்றின் மூதாதையாகவும் இருக்கலாம். வண்ணப் பட்டைகளாக வரும் அட்மிக்சர் படத்துக்கும் இதே எச்சரிக்கை. சமூக ஊடகத்தில் அதிகம் சுற்றுவது அதுதான், தவறாக வாசிக்கப்படுவதும் அதுதான்.

படி 8: எஃப்4, பிறகு கியூபிஆட்ம்

எஃப்4 எனும் புள்ளியியல் அளவை ஓர் எளிய கேள்வி கேட்கும். முதலிடத்தில் எட்டத்து ஆப்பிரிக்கக் குழுவான ம்புட்டி, இரண்டாமிடத்தில் யம்னயா, மூன்றாமிடத்தில் பழைய ஐரோப்பிய உழவர், நான்காமிடத்தில் கார்டட் வேர் என்று வையுங்கள். யம்னயா, உழவரைவிடக் கார்டட் வேரோடு அதிக எழுத்துகளைப் பகிர்ந்தால் விடை நேர்மறையாக வரும். இசட் மதிப்பு 3ஐத் தாண்டினால் அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

எத்தனை விழுக்காடு என்று கேட்க கியூபிஆட்ம் நிரல் வேண்டும். இதில் மூன்று பட்டியல்: இலக்கு, மூலக்குழுக்கள், ஒப்பிடுவதற்காக மட்டும் வைக்கும் வலப்புற வெளிக்குழுக்கள். மூலங்களின் கலவையால் இலக்கை விளக்க முடியுமா என்று வெளிக்குழுக்களின் கண்ணால் பார்க்கிறது நிரல். பி-மதிப்பு 0.05க்கு மேல் வந்தால் மாதிரியைத் தள்ள வேண்டியதில்லை, பலர் 0.01 வைக்கிறார்கள்.

நம் கேள்விக்கு வருவோம். இலக்கு: பாகிஸ்தானின் ஸ்வாட் பள்ளத்தாக்கில் கட்டேலை, லோபான்ர், உதேகிராம் கல்லறைகளில் கிடைத்தவர்கள், பெரும்பாலும் கி.மு. 1200 முதல் 800 வரை. மூலம் ஒன்று: சிந்து எல்லையோரத்தார். துர்க்மெனிஸ்தானின் கோனூரிலும் ஈரானின் ஷாஹ்ர்-இ-சோக்தாவிலும், உள்ளூர்க்காரர்களோடு ஒட்டாமல் தனித்து நின்ற 11 பேர் இவர்கள். ராக்கிகரிப் பெண்ணோடு ஒத்துப்போவதால் சிந்துவெளியிலிருந்து வந்தவர்கள் என்று கொள்ளப்படுகிறார்கள். மூலம் இரண்டு: ஸ்டெப்பி.

எந்த ஸ்டெப்பி என்பதில்தான் சூட்சுமம். கி.மு. 3000 யம்னயாவும், கி.மு. 2000 வாக்கில் உரால் மலைக்குக் கிழக்கே ரதம் புதைத்த சிந்தாஷ்டாவும் ஒன்றல்ல. சிந்தாஷ்டா மக்கள் கார்டட் வேர் வழி வந்தவர்கள். ஐரோப்பிய உழவர் மரபு அவர்களிடம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உண்டு. யம்னயாவில் அது மிகச் சொற்பம். இந்த வேறுபாட்டைக் காட்டும் குழு வலப்பட்டியலில் இருந்தால்தான் நிரலால் இரண்டையும் பிரிக்க முடியும். ஆகவே அனத்தோலியப் புதிய கற்கால உழவரை வலப்புறம் சேருங்கள். அவர்களோடு ஈரானின் கஞ்ச் தரே உழவர், மேற்கு சைபீரிய வேட்டையர், கிழக்கு ஐரோப்பிய வேட்டையர், எத்தியோப்பியாவின் மோட்டா குகை மனிதர், தென்சீனத்தின் டாய் (Dai) இனக்குழு. அனத்தோலியரை விட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள்; யம்னயாவையும் சிந்தாஷ்டாவையும் பிரித்துச் சொல்லும் கூர்மை போய்விடும். அவர்களைச் சேர்த்தபின்தான் வாகீஷ் நரசிம்மனும் சகாக்களும் 2019இல் சயன்ஸ் இதழில், 523 தொல் மனிதர்களின் புதிய தரவோடு காட்டிய முடிவு புரியும்: தெற்காசியாவுக்கு வந்தது யம்னயா நேரடியாக அல்ல, அதற்கு ஆயிரம் ஆண்டு பிந்தைய நடு, பின் வெண்கலக்கால ஸ்டெப்பி.

இங்கே வழுக்கும் இடங்கள் பல. எஸ்என்பி குறைந்த இலக்கில் எந்த மாதிரியைப் போட்டாலும் பி-மதிப்பு பாஸ் ஆகும். அது வெற்றியல்ல, பார்வைக் குறைவு. ஏறத்தாழ ஒரு லட்சம் எஸ்என்பியாவது இருப்பது நல்லது. எடை எதிர்மறையாக வந்தாலோ 1ஐத் தாண்டினாலோ அந்த மூலம் தவறு. மூலம் இலக்கைவிட இளையதாக இருந்தால் பேரனைத் தாத்தாவாக்குகிறீர்கள். வெளிக்குழுவில் ஒன்று இலக்கோடு பின்னாளில் கலந்திருந்தால் சோதனையே சாயும். ஆர் மொழியில் அட்மிக்ஸ்டூல்ஸ்2 பயன்படுத்துவோர் கவனிக்க: எஃப்2 முன்கணக்கீட்டின் இயல்பு அமைப்பு, ஒரு குழுவில் விடுபட்ட எஸ்என்பியை எல்லாருக்கும் கழித்துவிடும். ஒரே ஒரு மோசமான மாதிரியால் 12 லட்சம் சில ஆயிரமாகச் சுருங்கலாம். ஆல்எஸ்என்பிஸ் தெரிவை இயக்கி நேரடியாகக் கோப்பிலிருந்து ஓட்டுங்கள்.

போட்டி மாதிரிகளைச் சுழற்றுவதும் கட்டாயம். யம்னயாவை மூலமாக்கும்போது சிந்தாஷ்டாவை வலப்புறம் வையுங்கள், பிறகு மாற்றிப் போடுங்கள். ஒன்று மட்டும் தாக்குப்பிடித்தால்தான் பேச்சு. பாஸ் ஆன ஒரே மாதிரியை மட்டும் அச்சிடும் கட்டுரையைப் பார்த்தால், தோற்ற மாதிரிகளின் பட்டியல் இணைப்பில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

படி 9: கலந்தது எப்போது, கலந்தது யார்

இரு மக்கள் கலந்தால் முதல் தலைமுறையில் குரோமோசோம்கள் நீண்ட துண்டுகளாக இருக்கும். தலைமுறைதோறும் அவை நறுங்கும். டேட்ஸ் நிரல் அந்த நறுக்கை அளந்து தலைமுறை எண்ணிக்கை தரும். ஸ்வாட் மக்களுக்கு வந்த விடை, அவர்கள் வாழ்ந்த காலத்துக்குச் சராசரியாக 26 தலைமுறைகள் முன். தலைமுறைக்கு 28 ஆண்டென்றால் 728 ஆண்டுகள், கி.மு. 1000இலிருந்து பின்னே போனால் கி.மு. 1700 சுமார். வெளியான வரம்பு கி.மு. 1900 முதல் 1500. இது கலப்பின் சராசரிக் காலம், முதல் ஆள் வந்த தேதி அல்ல. கலப்பு பல நூற்றாண்டு நீடித்திருந்தால் நடுவில் ஒரு எண் வந்து நிற்கும்.

ஒய் குரோமோசோம் ஆண்வழியைச் சொல்லும். யம்னயாவில் ஓங்கியது ஆர்1பி எனும் ஆண்வழிக் குலத்தின் இசட்2103 கிளை, கார்டட் வேரில் ஆர்1ஏ-வின் எம்417, அதிலிருந்து பிரிந்து தெற்காசியாவில் பரவியது இசட்93. ஆனால் ஸ்வாட்டில் ஒரு முரண்: மொத்த மரபில் ஸ்டெப்பி பங்கு ஏறத்தாழ 20 விழுக்காடு, ஆண்களின் ஒய்-யில் இசட்93 ஏறத்தாழ 5 விழுக்காடு. அங்கே ஸ்டெப்பி மரபு பெரிதும் பெண்கள் வழியே நுழைந்திருக்கிறது. இன்றைய தெற்காசியரில் பலரிடம் இதற்கு நேர்மாறு, ஆண்வழிச் சாய்வு. குதிரையேறிய ஆண்படை என்ற ஒற்றைச் சித்திரம் இந்தத் தரவோடு ஒட்டாது. ஒரு பள்ளத்தாக்கை வைத்துத் துணைக்கண்டத்தை எழுதவும் கூடாது.

படி 10: மரபிலிருந்து மொழிக்கு

கடைசித் தாவலுக்கு முன் மூன்று எதிர்ச்சாட்சிகளைக் கூப்பிடுங்கள். ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையில் வாழும் பாஸ்க் மக்களிடம் ஸ்டெப்பி மரபு உண்டு, ஆர்1பி மிகுதி, ஆனால் மொழி இந்தோ-ஐரோப்பியம் அல்ல. பண்டைய இத்தாலியின் எட்ரூஸ்கர்களும் அப்படியே, 2021 ஆய்வில் அவர்களிடம் ஸ்டெப்பி மரபு இருப்பது உறுதியானது, மொழியோ வேறு குடும்பம். தக்லமக்கான் பாலைவனத்தின் தாரிம் மம்மிகளை, அழிந்துபோன இந்தோ-ஐரோப்பிய மொழியான தொகாரியத்தோடு பலகாலம் முடிச்சுப் போட்டார்கள், கி.மு. 2100 முதல் 1700 வரையிலான 13 பேரின் டிஎன்ஏவில் ஸ்டெப்பி மேய்ப்பர் தடமே இல்லை.

அனத்தோலியா இதைவிடச் சிக்கலானது. ஹிட்டைட்டு மொழிதான் குடும்பத்தில் முதலில் பிரிந்த கிளை, ஆனால் அங்கே ஸ்டெப்பி மரபு அகப்படாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2025இல் யோசிஃப் லசாரிடிஸ் குழு, 435 பேரின் தரவோடு, மூலத்தை ஒரு படி பின்னுக்குத் தள்ளியது. யம்னயாவின் மரபில் ஏறத்தாழ 80 விழுக்காடு காகசஸ்-கீழ் வோல்கா மக்களிடமிருந்து வந்தது. வெண்கலக்கால நடு அனத்தோலியரிடமும் அதே மூலம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு உண்டு. இதற்கு மாறாக 2023இல் சயன்ஸில் வந்த ஒரு மொழிமர ஆய்வு, குடும்பத்தின் வயதை 8100 ஆண்டு என்று வைத்து, தொடக்கத்தைக் காகசஸுக்குத் தெற்கே தேடுகிறது. பத்து விழுக்காட்டை வைத்து மொழியை நகர்த்துவது எனக்குத் துணிச்சலாகவே படுகிறது. ஆனால் மறுக்க வேண்டுமானால் அந்தப் பத்து விழுக்காடு வேறு எப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டும்.

மொழிக்குத் தனிச் சான்று தேடுங்கள். சக்கரம், அச்சு, நுகம் ஆகியவற்றுக்கான பொதுச் சொற்கள் குடும்பத்தின் பெரும்பகுதியில் இருப்பது, வண்டி புழக்கத்துக்கு வந்த கி.மு. 4ஆம் ஆயிரத்தாண்டுக்குப் பிறகே அந்தக் கிளைகள் பிரிந்தன என்ற வாதத்துக்கு வலு. வட சிரியாவின் மித்தானி அரசு ஹிட்டைட்டரோடு செய்த ஒப்பந்தத்தில் கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மித்திரனும் வருணனும் இந்திரனும் பெயர் பெறுவது இந்தோ-ஆரியத்துக்குத் தேதி. வீட்டுக்குதிரையின் டிஎன்ஏவும் உண்டு: இன்றைய குதிரைகளின் மூல இனம் கீழ் வோல்கா-டான் பகுதியிலிருந்து வெளியே பரவியது கி.மு. 2000ஐ ஒட்டித்தான். ஆகவே சிந்தாஷ்டா ரதத்தோடு அது பொருந்துகிறது, கி.மு. 3000 ஐரோப்பியப் பெயர்வைக் குதிரைமேல் ஏற்றியவர்களுக்குப் பொருந்தவில்லை.

எழுதும்போதும், எழுதி முடித்தபின்பும்

குழுக்களுக்குப் பெயரிடும்போது இடம், காலம் இரண்டையும் சேருங்கள்: "ஸ்வாட், இரும்புக்காலம்" என்பது போல. "ஆரிய மரபணு", "திராவிட மரபணு" என்று எழுதினால் விடையைக் கேள்விக்குள்ளேயே திணித்துவிடுகிறீர்கள். விழுக்காட்டோடு திட்டப்பிழையையும் தாருங்கள். 30 என்பதற்கும் 30±9 என்பதற்கும் வெகுதூரம்.

ரீடுகளை ஐரோப்பிய நியூக்ளியோடைடு காப்பகத்தில் லைப்ரரி வாரியாகப் பிரித்தே ஏற்றுங்கள். ஒன்றாகக் கலந்து ஏற்றினால் எந்த லைப்ரரியில் யுடிஜி செய்தது என்று தெரியாமல் மற்றவர்கள் முனை வெட்ட முடியாது. வெற்றுக் குழாய்களின் தரவையும் சேர்த்தே கொடுங்கள். மிஞ்சிய தூளும் பெட்ரஸின் மறுபாதியும் எடுத்த இடத்து அருங்காட்சியகத்துக்கே திரும்ப வேண்டும், துளை எங்கே எவ்வளவு ஆழம் என்ற குறிப்போடு.